பாட்ஸி மிங்க்: முதல் ஃபீஸாக மீன் வாங்கிய வக்கீல்

குற்றாலச்சாரல் எழுதியது:

இந்தத் தளத்தில் அமெரிக்க அரசியல் என்றாலே ஜனாதிபதிகளைச் சுற்றித்தான் பேச்சு ஓடுகிறது. நான் இன்று எழுத வந்தது ஜனாதிபதி ஆகாத, கவர்னர் ஆகாத, செனட்டர்கூட ஆகாத ஒரு பெண்மணியைப் பற்றி. பெயர் பாட்ஸி டாகெமோட்டோ மிங்க். ஹவாய்க்காரர். முதலில் வக்கீல், பிறகு ஹவாய் சட்டசபை, அப்புறம் 1965 முதல் அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை. வெள்ளையரல்லாத ஒரு பெண் அந்தச் சபைக்குள் உறுப்பினராக நுழைந்தது அதுதான் முதல் தடவை.

நானும் வக்கீல்தான். மாவட்ட நீதிமன்றத்தில் பதினான்கு வருடப் பிராக்டிஸ். அவர் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது காங்கிரஸ் இல்லை, அதற்கு முந்தைய ஹொனலூலு நாட்கள்.

1951-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்குகிறார். அதே வருடம் ஜான் மிங்க் என்பவரோடு கல்யாணம். அவர் நிலவியல் படித்தவர், பென்சில்வேனியாக்காரர், வெள்ளையர். அடுத்த வருடம் மகள் பிறக்கிறாள். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிகாகோ முழுக்க வேலை தேடினார். கல்யாணமான, ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணை ஒரு வக்கீல் ஆபீஸும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாணவியாக இருந்தபோது பார்த்த சட்ட நூலக வேலைக்கே திரும்பிப் போனார். சரி, சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று 1952-இல் குடும்பத்தோடு ஹவாய் வந்தார்கள்.

அங்கே பார் பரீட்சை எழுத விண்ணப்பித்தால், "நீங்கள் ஹவாய்வாசியே இல்லை" என்றார்கள். மனைவிக்குக் கணவனின் ஊர்தான் ஊர் என்பது அன்றைய சட்டம். கணவர் பென்சில்வேனியா என்றால் இவரும் பென்சில்வேனியா. மௌயி தீவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் முதல் மாணவியாகத் தேறியவருக்கு இந்தப் பதில்.

அவர் விடவில்லை. கணவரோடு பென்சில்வேனியாவில் ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தியதில்லையே, இல்லாத வீட்டுக்கு நான் எப்படிக் குடிபோயிருக்க முடியும் என்று அந்த விதியை எதிர்த்து வாதாடினார். ஹவாயின் அட்டர்னி ஜெனரல் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். யோசித்துப் பாருங்கள், வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன்பே ஜெயித்த வழக்கு, அதுவும் தன் சொந்த வழக்கு. 1953-இல் பரீட்சையில் தேறி, ஹவாயில் வக்கீலாகப் பதிவான முதல் ஜப்பானிய அமெரிக்கப் பெண் ஆனார்.

அதற்குப் பிறகும் ஹொனலூலுவில் யாரும் வேலை தரவில்லை. சின்னக் குழந்தை இருக்கிறதே, வேலை எப்படிப் பார்ப்பாய் என்பதுதான் பல்லவி. அப்பா கைகொடுக்க, சொந்தமாக ஆபீஸ் போட்டார். முதல் கட்சிக்காரர் கொடுத்த ஃபீஸ் ஒரு மீன்.

அந்த வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முதல் கட்சிக்காரர் கொடுத்தது ஐம்பது ரூபாயும் ஒரு சீப்பு நாட்டுப்பழமும். அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இருந்த பெருமை, பிறகு வாங்கிய எந்தச் செக்கிலும் இல்லை.

இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நானும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.


வைகைக்கரை எழுதியது:

அக்கா, நல்ல தொடக்கம். ஒரு கேள்வி. அவர் சின்ன வயதிலேயே சட்டம் படிக்கத்தான் ஆசைப்பட்டாரா? கரும்புத் தோட்டத் தீவில் பிறந்த பெண்ணுக்கு 1940-களில் இந்த எண்ணம் எப்படி வந்தது?


குற்றாலச்சாரல் எழுதியது:

தம்பி, அவர் ஆசைப்பட்டது டாக்டராக.

பிறந்தது 1927 டிசம்பர் 6, மௌயி தீவின் பையா என்ற ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டம். அப்பா சுவெமட்சு டாகெமோட்டோ, ஹவாய் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் நிறுவனத்தில் நில அளவையாளர். படிப்பும் திறமையும் இருந்தும் பதவி உயர்வு என்று வரும்போதெல்லாம் அது ஒரு வெள்ளையருக்குப் போய்விடும். மகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

1941-இல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியபோது அவருக்கு வயது பதினான்கு. ஜப்பானியர் என்பதால் அப்பாவை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். திரும்ப விட்டுவிட்டார்கள் என்றாலும், அப்பா அன்று வீட்டிலிருந்த ஜப்பானிய நினைவுப் பொருட்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். நாம் எந்த நாட்டில் பிறந்தோமோ அந்த நாடே நம்மைச் சந்தேகப்படலாம் என்பதை அந்தத் தீயைப் பார்த்துத்தான் அந்தப் பெண் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உரிமை என்பதைச் சட்டத்தில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் அங்கே தொடங்கியதாகவே நான் நினைக்கிறேன்.

கல்லூரிக்காக நெப்ராஸ்கா போனார். அங்கே வெள்ளையரல்லாத மாணவர்களுக்குத் தனி விடுதி. மாணவர்களையும் பெற்றோரையும் திரட்டிப் போராடினார், அந்தப் பிரிவினை நீங்கியது. ஆனால் தைராய்டு கோளாறால் ஊர் திரும்பி, 1948-இல் ஹவாயிலேயே விலங்கியலும் வேதியியலும் படித்துப் பட்டம் வாங்கினார்.

அப்புறம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்று இரண்டு இல்லை, ஒரு டஜன் அளவுக்கு. ஒன்றுகூட இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களை எடுக்கவே எடுக்காது, அல்லது வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் என்று ஒதுக்கும். எழுத்திலேயே "பெண் என்பதால் இல்லை" என்று சொல்லலாம், சட்டம் ஒன்றும் செய்யாது. பிறகு ஒருவர் யோசனை சொல்ல, சட்டக் கல்லூரிக்கு எழுதிப் போட்டார். சிகாகோ சேர்த்துக்கொண்டது, அதுவும் வெளிநாட்டு மாணவர் கணக்கில். ஹவாய் 1900 முதலே அமெரிக்க ஆட்சிப்பகுதி. அது அந்த ஆபீஸுக்குத் தெரியாமல் போனதால் இவருக்கு ஒரு சீட் கிடைத்தது.


மருதாணி எழுதியது:

குற்றாலச்சாரல், மருத்துவக் கல்லூரி விஷயத்தை நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பு, பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். இங்கே வந்த புதிதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம்: பையன்களுக்கு ஒரு அணி என்றால் பெண்களுக்கும் ஒன்று, அவர்களுக்கு பஸ் என்றால் இவர்களுக்கும் பஸ். யாரோ பெருந்தன்மையாகச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெருந்தன்மை இல்லை, சட்டம்.

டைட்டில் நைன் என்று இங்கே எல்லோரும் சொல்வது 1972-ஆம் வருடக் கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாவது பகுதியை. நிக்சன் கையெழுத்துப் போட்டது அந்த வருடம் ஜூன் 23. முக்கியமான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். சாரம் இது: அமெரிக்காவில் யாரையும், ஆண் பெண் என்ற காரணத்துக்காக, மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலிருந்தும் ஒதுக்கக் கூடாது, அதன் பலனை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. இதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது, கவனித்தீர்களா? ஆனால் விளையாட்டைத்தான் அது தலைகீழாக மாற்றியது. 1971-72-இல் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இப்போது முப்பது லட்சத்துக்கும் மேல்.

உங்கள் கதையோடு சேர்வது இன்னொரு கணக்கு. 1972-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 9 சதவீதம், சட்டப் பட்டத்தில் 7 சதவீதம். 1994-இல் அது 38, 43 என்று ஆகிவிட்டது. தனக்குக் கதவைச் சாத்திய கல்லூரிகளைத் திறக்க வைத்த சட்டத்தை அவரே எழுதினார் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.


ஏடுதிருப்பி எழுதியது:

மருதாணி அம்மா, உணர்ச்சிக்குக் குறுக்கே வர மனமில்லை. ஆனால் ஒரு திருத்தம் அவசியம். டைட்டில் நைனை மிங்க் தனியாக எழுதவில்லை. 1970-இல் கல்வியில் பெண்களுக்கு நடக்கும் பாகுபாடு பற்றி நாள்கணக்கில் விசாரணை நடத்தியவர் ஓரிகான் உறுப்பினர் எடித் கிரீன். கீழவையில் மசோதாவை முன்னின்று நகர்த்தியவரும் அவர்தான். செனட்டில் கொண்டுபோனவர் இந்தியானாவின் பர்ச் பை. பின்னால் தகவல் திரட்டிக் கொடுத்தவர் பெண்ணுரிமைப் போராளி பெர்னிஸ் சாண்ட்லர். மிங்க் இறந்த பிறகு, 2002-இல் சட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அதனால் இன்று எல்லோரும் அவரையே ஒரே தாயாகச் சொல்கிறார்கள். எடித் கிரீன் பெயர் மறைந்துபோவது எனக்கு வருத்தம். அவரும் லேசான ஆள் இல்லை.


குற்றாலச்சாரல் எழுதியது:

ஏடுதிருப்பி ஐயா சொல்வது சரி. ஏற்றுக்கொள்கிறேன். எடித் கிரீன் இல்லாமல் அந்த வாக்கியம் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்காது. மிங்க் அந்த விசாரணைகளிலும் வரைவிலும் கிரீனோடு நின்றவர், சபையில் ஆதரவு திரட்டியவர்.

ஆனால் நீதிமன்றத்தில் நிற்பவளாக ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் இயற்றிய நாளோடு வேலை முடிவதில்லை. அடுத்த நாளிலிருந்து அதை அறுக்க ஆள் வருவார்கள். இங்கே அறுக்க வந்தவர்கள் கல்லூரி விளையாட்டுத் துறைகள். பெண்களுக்கும் பங்கு கொடுத்தால் கால்பந்து அணியின் காசு குறையும் என்று அவர்களுக்குப் பயம். விதிவிலக்கு கேட்டு மசோதா, நிதியை முடக்கத் திருத்தம் என்று வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. அந்த வருடங்களில் வாசலில் காவல் நின்றவர் மிங்க். கிரீன் 1974 கடைசியோடு காங்கிரஸிலிருந்து போய்விட்டார். அடுத்த வருடமே பெரிய சோதனை வந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும், இரவு எழுதுகிறேன்.


தாமிரபரணி முத்து எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவருடைய தேர்தல் கணக்கைப் பார்த்தேன். 1956-இல் ஹவாய் ஆட்சிப்பகுதியின் கீழவை, 1958-இல் மேலவை. நல்லது. 1959-இல் ஹவாய் மாநிலம் ஆனதும் காங்கிரஸுக்கு நின்றார், தன் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே டேனியல் இனோயேயிடம் தோற்றார். 1972-இல் ஜனாதிபதி வேட்பாளர் போட்டி, ஓரிகானில் சுமார் 2 சதவீதம். 1976-இல் செனட்டுக்கு நின்று ஸ்பார்க் மட்சுனாகாவிடம் தோல்வி. 1986-இல் கவர்னர் பதவிக்குத் தோல்வி, 1988-இல் ஹொனலூலு மேயருக்குத் தோல்வி.

கட்சியின் உள்வட்டம் அவரை நம்பவில்லை, அவரும் அந்த வட்டத்துக்குள் போக முயலவில்லை. இனோயே விட்டுக்கொடுத்துப் போனார், அரை நூற்றாண்டு செனட்டில் இருந்தார், ஹவாய்க்குக் கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவந்தார். மக்கள் பிரதிநிதி என்றால் அதுதானே வேலை? கொள்கை பேசிவிட்டுத் தோற்பது மக்களுக்கு என்ன கொடுத்தது?


குற்றாலச்சாரல் எழுதியது:

முத்து அண்ணே, கோபம் ஒன்றும் இல்லை. நான் இந்த இழையைத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். என் பதில் இது: அந்த அம்மாவின் பெரிய காரியங்களில் பாதி, அவர் தோற்ற இடத்திலிருந்து வந்தவை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1970. நிக்சன் ஹாரல்ட் கார்ஸ்வெல் என்பவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கிறார். அவருக்கு நிறவெறிப் பின்னணி உண்டு என்று எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தபோது, செனட் குழு முன் போய் உட்கார்ந்து வேறொன்றைச் சொன்னவர் மிங்க். ஃபுளோரிடாவில் ஐடா பிலிப்ஸ் என்ற பெண். பள்ளிக்குப் போகாத வயதில் பிள்ளை இருக்கிறது என்று ஒரு கம்பெனி அவருக்கு வேலை தரவில்லை. அதே வயதுப் பிள்ளை இருக்கும் ஆண்களுக்குத் தந்தது. வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. முழு அமர்வு மறுபடி கேட்கட்டும் என்ற மனுவையும் தள்ளிய நீதிபதிகளில் கார்ஸ்வெல் ஒருவர். "சின்னக் குழந்தை இருக்கிறதே" என்று ஹொனலூலுவில் கேட்ட அதே வார்த்தை, அண்ணே. மிங்க் அதை மறந்திருப்பாரா? அந்த நியமனம் அமெரிக்கப் பெண்களுக்கு அவமதிப்பு என்றார். ஏப்ரலில் செனட் 51–45 என்று கார்ஸ்வெல்லை நிராகரித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் ஐடா பிலிப்ஸ் பக்கம் நின்றது.

இரண்டாவது, அவர் பெயரிலேயே இருக்கும் வழக்கு. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் அம்சிட்கா என்ற தீவு. 1971-இல் அதன் அடியில் ஐந்து மெகாடன் அணுகுண்டை வெடித்துச் சோதிக்க அரசு முடிவு செய்தது. நிலநடுக்கம் வந்தால், கடல் எழும்பினால், அலை வந்து மோதும் கரைகளில் ஹவாயும் ஒன்று. இந்தச் சோதனை கூடாது என்று அரசுக்குள்ளேயே சில துறைகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன என்று செய்தி கசிந்தது. அந்த அறிக்கைகளைக் காட்டுங்கள் என்று மிங்க் கேட்டார். ரகசியம் என்றார்கள். காங்கிரஸ் சகாக்கள் 32 பேரைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார். 1971 நவம்பர் 6 அன்று குண்டு வெடித்தே விட்டது. ஆனாலும் வழக்கை விடவில்லை. 1973 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் 5–3 என்று தீர்ப்பு சொன்னது. தோற்றார். அரசு ரகசியம் என்று முத்திரை குத்திவிட்டால், அந்த முத்திரை நியாயமா என்று நீதிபதி உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நாடே அன்று கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ வழக்குத் தீர்ப்பைப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாள். இவருடைய தோல்வி பேப்பரில் ஒரு மூலை. ஆனால் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள்: சட்டம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றால் காங்கிரஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று. காங்கிரஸ் மாற்றியது. 1974-இல் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குத் திருத்தம். ஜனாதிபதி ஃபோர்டு தடுப்பாணை போட்டார், அதையும் மீறி நிறைவேற்றினார்கள். அதிலிருந்து, ரகசிய முத்திரை குத்திய தாளையும் நீதிபதி தன் அறைக்குள் வரவழைத்துப் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, நான் நேற்று பாக்கி வைத்தது. 1975 ஜூலை. டைட்டில் நைனை நடைமுறைப்படுத்த அரசு விதிகள் வகுத்த சமயம். விளையாட்டு, உடற்பயிற்சி வகுப்புகளில் அதைச் செயல்படுத்தக் காசு செலவழிக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. எண்ணிக்கை இழைபோல் இருந்தது. வாக்கெடுப்பு நெருங்கும் நேரம், மிங்க் சபைக்குள் இருக்கிறார். அப்போது ஒரு செய்தி: நியூயார்க் மாநிலம் இதாகாவில் மகளுக்குக் கார் விபத்து, நிலைமை மோசம். அந்த அம்மா எழுந்து ஓடினார். வேறு என்ன செய்வார்? ஒரே ஒரு வாக்கில் இவர்கள் பக்கம் தோற்றது. அந்த ஒரு வாக்கு, அவர் விட்டுவிட்டுப் போன வாக்கு.

சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் நடந்ததைச் சபைக்குச் சொல்லி மறுபடி வாக்கெடுப்புக்கு வழி செய்தார். இந்தத் தடவை 215–178, டைட்டில் நைன் பிழைத்தது. மகளும் பிழைத்தாள். பின்னாளில் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஆனாள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒரு தடவை கோர்ட்டில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மகனுக்கு வலிப்பு என்று. சீனியரிடம் கேஸ் கட்டைக் கொடுத்துவிட்டு, கவுனைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவில் போனேன். "குழந்தை இருக்கிறதே" என்று சொல்பவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். அன்று சபையில் இருந்த ஆண்கள் மறுபடி வாக்களிக்க எழுந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.


வைகைக்கரை எழுதியது:

அக்கா, அம்சிட்கா வழக்கு எனக்குப் புதிது. நான் எங்கள் ஊர்க் கண்மாய் விவகாரத்தில் தகவல் உரிமை மனு போட்டுப் போட்டு வருடம் மூன்று ஓட்டியவன். "இந்தக் கோப்பு வெளியிடத் தக்கதல்ல" என்று ஒற்றை வரியில் பதில் வரும்போது, அந்தக் கோப்பை மூன்றாவது ஆள் ஒருவர் பிரித்தாவது பார்க்க மாட்டாரா என்று தவித்திருக்கிறேன். நீதிபதி தாளை வரவழைத்துப் படிக்கலாம் என்பதன் அருமை மனு போட்டவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. அணுகுண்டு விஷயத்தில் அவர் 1971-இல் திடீரென்று விழித்துக்கொண்டவர் இல்லை. 1957-இல் ஹவாய் சட்டசபைக்குள் நுழைந்ததுமே அவர் கொண்டுவந்த தீர்மானம், பசிபிக்கில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்கு எதிரானது. கடலோடு வாழ்கிறவர்களுக்குத் தூரத்து வெடிப்பு தூரத்தில் இல்லை.


ஏடுதிருப்பி எழுதியது:

முத்துவின் கேள்விக்கு நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். ஹவாய் என்றால் ராணுவம். வேலையும் வருமானமும் ராணுவத் தளங்களை நம்பி. அந்த ஊரின் பிரதிநிதி வியட்நாம் போரை எதிர்ப்பது, சிவகாசிப் பிரதிநிதி பட்டாசை எதிர்ப்பது மாதிரி. ஆனாலும் எதிர்த்தார். 1972-இல் சக உறுப்பினர் பெல்லா ஆப்சக்கோடு பாரிஸ் போய், பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த வியட்நாம் தரப்பினரைச் சந்தித்தார். ஊரில் அவரை "பாட்ஸி பிங்க்" என்று ஏசினார்கள். சிவப்புக்குக் கொஞ்சம் குறைவு, அரைக் கம்யூனிஸ்ட் என்று அர்த்தம். ஓரிகானில் கிடைத்த 2 சதவீதமும் அந்தப் போரை எதிர்த்த மாணவர்கள் கூப்பிட்டதால் நின்றது. ஜெயிக்கவென்று நிற்கவில்லை.

சின்னச் சம்பவம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1967-இல் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கான உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வகுப்பு அறிவித்தார்கள். மிங்க்கும் வேறு இரண்டு பெண் உறுப்பினர்களும் போய் நின்றார்கள். அவர்கள் இருவரும் எதிர்க்கட்சிக்காரர்கள், குடியரசுக் கட்சி. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை. இவர்களும் உறுப்பினர்கள்தான். ஆனாலும் உள்ளே விடவில்லை, ஏனென்றால் உறுப்பினர் என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் ஆண். ஐந்து வருடம் கழித்து டைட்டில் நைன் விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.


வெண்தாழை எழுதியது:

நான் செவிலியர். இத்தனை நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். யாரும் ஒன்றைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1951-இல் அவர் கர்ப்பமாக இருந்தபோது சிகாகோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டார். வைட்டமின் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அது வைட்டமின் இல்லை. டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன். கருச்சிதைவைத் தடுக்குமா என்று சுமார் 1,000 பெண்களிடம், அவர்களுக்கே தெரியாமல் நடத்திய பரிசோதனை. இருபது வருடம் கழித்து, அந்த மருந்து சாப்பிட்ட தாய்மாரின் மகள்களுக்கு ஒரு அபூர்வப் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகம் எழுபதுகளின் நடுவில்தான் அந்தப் பெண்களுக்குத் தகவல் அனுப்பியது. தன் மகள் வயிற்றில் இருக்கும்போதே தான் சோதனைக்கு உள்ளானது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு அந்த மருந்தின் பாதிப்புகள் இருந்தன.

அவர் வழக்குப் போட்டார். கூட இரண்டு பெண்கள், தங்களைப் போன்ற அத்தனை பேருக்காகவும். 1978-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது முக்கியம்: சம்மதம் கேட்காமல் ஒருவர் உடம்பில் மருந்தைச் செலுத்துவது, வெறும் கவனக்குறைவு என்பதோடு நிற்காது, உடல்மீது நடத்திய அத்துமீறல் என்றே வழக்காடலாம் என்று.

நாங்கள் ஒவ்வொரு நாளும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பல நேரம் நோயாளி படிப்பதே இல்லை, நாங்களும் அவசரத்தில் விரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த வழக்கைப் படித்த வாரத்திலிருந்து நான் உட்கார்ந்து, தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்கிறேன்.


தாமிரபரணி முத்து எழுதியது:

வெண்தாழை எழுதியதைப் படித்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. நான் கேட்ட "மக்களுக்கு என்ன கொடுத்தது" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கருத்தில் நிற்கிறேன். செனட்டில் ஒரு இடம் கிடைத்திருந்தால் இதைவிட நிறையச் செய்திருப்பார். 1976-க்குப் பிறகு 1990 வரை பதினான்கு வருடம் காங்கிரஸில் அவர் இல்லை. கார்ட்டர் ஆட்சியில் கடல், சுற்றுச்சூழல் விவகாரங்களுக்கு வெளியுறவுத் துறையில் கொஞ்ச காலம், அதுவும் மனம் ஒட்டாமல் விலகினார். அப்புறம் ஹொனலூலு மாநகர மன்றம். காங்கிரஸில் இருந்தவர் மாநகர மன்றத்துக்கு நிற்பதை யாரும் இறக்கமாக நினைப்பார்கள். அவர் நினைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. இருந்தாலும் இழப்பு இழப்புதான்.


குற்றாலச்சாரல் எழுதியது:

அண்ணே, இழப்புதான், மறுக்கவில்லை. அவர் எப்படித் திரும்பி வந்தார் தெரியுமா? 1976-இல் அவரைத் தோற்கடித்த மட்சுனாகா 1990-இல் செனட்டராக இருக்கும்போதே காலமானார். அந்த இடத்துக்குக் கீழவையிலிருந்த டேனியல் அகாகாவை நியமித்தார்கள். அகாகாவின் இடம் காலியானது. இடைத்தேர்தலில் நின்று, 62 வயதில், மிங்க் பழைய சபைக்கே திரும்பினார்.

அடுத்த வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குக் கிளாரன்ஸ் தாமஸை நியமிக்கும் விவகாரத்தில், அவர்மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்ன அனிடா ஹில் சொல்வதைக் கேட்க செனட் தயங்கியபோது, கீழவையிலிருந்து ஏழு பெண்கள் செனட் படிகளில் ஏறிப் போகும் படம் ஒன்று உண்டு. அதில் மிங்க் இருக்கிறார். கார்ஸ்வெல்லுக்கு எதிராக அவர் பேசி இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. 1996-இல் கிளின்டன் தன் கட்சி ஜனாதிபதி என்று பார்க்காமல், ஏழைத் தாய்மாரின் உதவித்தொகையைக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்தார். அதில் தோற்றார், அந்தத் தோல்வியிலிருந்து எதுவும் முளைக்கவில்லை. நான் சொன்ன கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2002 ஆகஸ்ட் கடைசியில் அம்மை போட்டு, அது நுரையீரலுக்குப் போய், ஹொனலூலு மருத்துவமனையில் சேர்த்தார்கள். செப்டம்பர் 21 அன்று கட்சித் தேர்தலில் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்தார். 28-ஆம் தேதி போய்விட்டார். வாக்குச் சீட்டிலிருந்து பெயரை எடுக்க நேரம் கடந்துவிட்டது. நவம்பரில் ஜனங்கள் இறந்தவருக்கே வாக்களித்து ஜெயிக்க வைத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப மறுபடி தேர்தல் வைக்க வேண்டியதாயிற்று.


மருதாணி எழுதியது:

நேற்று இந்த இழையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. மீனுக்குச் சிரித்தாள். கார் விபத்து வந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு, "அம்மா, அந்தப் பெயரை எங்கள் பள்ளியில் பார்த்ததில்லை, ஆனால் டைட்டில் நைன் நோட்டீஸ் ஜிம் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது" என்றாள். மத்திய அரசின் பணம் வாங்கும் ஒவ்வொரு பள்ளியும் இதற்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவர் யார், எப்படித் தொடர்புகொள்வது என்று வெளியில் தெரியும்படி வைக்க வேண்டும். இன்று பயிற்சி முடிந்து அவளைக் கூட்டிவரப் போனபோது நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். வாலிபால் பை தோளில் தொங்க, வியர்வையோடு நின்று, அந்த வாக்கியத்தை விரல் வைத்து எண்ணினாள். ஒன்று இரண்டு என்று 37 வரை.

ஏடுதிருப்பி ஐயா, எடித் கிரீன் பெயரையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவரைப் பற்றி நீங்கள் ஒரு இழை தொடங்குங்கள், நாங்கள் இருவரும் வருகிறோம்.